லேடீஸ் சீட்டிலிருந்து நாலரை நிமிடம்

இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு வருகிறவர்கள் லேடீஸ் சீட்டுக்குச் சாயங்காலம்தான் போவார்கள், சேலத்து விளக்குகளைப் பார்க்க. விமானப் பயிற்சியில் ஆர்வமுள்ளவர்கள் காலையில் போங்கள். மழை பெய்த மறுநாள் என்றால் இன்னும் நல்லது. மூட்டம் விலகினால் மேற்கே மேட்டூர் நீர்த்தேக்கம் மின்னும். அதே திசையில், மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் காமலாபுரம், அதாவது சேலம் விமான நிலையம். நேர்கோட்டில் சுமார் 15 கி.மீ.

நிற்கும் இடத்துக்கும் சமவெளிக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,100 மீட்டர். இந்த உயரத்தில் ஒரு தொடக்கப் பயிற்சி விமானத்தின் எஞ்சின் நின்றுவிட்டது என்று வையுங்கள். இலகு விமானங்கள் பொதுவாக ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஒன்பது மீட்டர் முன்னே போகும். ஆக 10 கி.மீ. தூரம்தான் போகலாம், ஓடுதளம் எட்டாது. மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் சறுக்கினால் கையில் இருப்பது நாலரை நிமிடம். ஆடிக் காற்று எதிரே 30 கி.மீ. வேகத்தில் அடித்தால் 10 கி.மீ. எட்டுக்கும் கீழே போய்விடும்.

முதல் வேலை மூக்கைத் தாழ்த்தி சறுக்கு வேகத்தைப் பிடிப்பது. பிறகு வயலைத் தேர்ந்தெடுப்பது. அதற்குப் பின்தான் எரிபொருள் வால்வு, பம்ப், எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ என்று எஞ்சினை எழுப்பிப் பார்ப்பது, ரேடியோவில் 'மேடே' என்று ஆபத்து அழைப்பு சொல்வது. தரை நெருங்கும்போது எரிபொருளையும் மின்சாரத்தையும் அடைத்துவிட வேண்டும், தீப்பிடிக்காமல் இருக்க. இன்னும் கொஞ்சம் தூரம் கிடைக்கும் என்று மூக்கைத் தூக்குவதுதான் ஆளைக் கொல்லும் தவறு. வேகம் செத்து, இறக்கை தூக்குவிசையை இழந்து, விமானம் கல்லாக விழும்.

கீழே பாருங்கள். அறுவடை முடிந்த தாள் வயல் நல்ல இடம். உழுத நிலம் என்றால் சால் ஓடும் திசையில் இறங்க வேண்டும். தண்ணீர் நிற்கும் நெல்வயலில் சக்கரம் புதைந்து கவிழும். ஆளுயரக் குச்சிக்கிழங்குக் காடு இறக்கையைப் பிடித்து இழுக்கும். வெள்ளையாகத் தெரியும் மாக்னசைட் சுரங்கப் பக்கம் போகவே கூடாது, அத்தனையும் பள்ளம். மின்கம்பி மேலிருந்து தெரியாது, கம்பத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். காற்றின் திசைக்கு எங்காவது எழும் புகை போதும்.

நம் விமானப்படைக்கு இது வெறும் பாடக்கணக்கு அல்ல. 1977-ல் முதன்முதலில் பறந்த அதன் தொடக்கப் பயிற்சி விமானமான எச்.பி.டி-32 தீபக்கில் 260 குதிரைத்திறன் பிஸ்டன் எஞ்சின், மடங்காத சக்கரங்கள், ஆசிரியரும் மாணவரும் அருகருகே. விமானிகளை வெளியே தூக்கி எறியும் இருக்கை கிடையாது. எஞ்சின் நின்ற விபத்துகளில் உயிர்கள் போயின. 2009-ல்தான் அதை நிறுத்தினார்கள். எவ்வளவோ முன்பே செய்திருக்க வேண்டியது. 2013-ல் ஐதராபாத் அருகே துண்டிகல் விமானப்படைப் பயிற்சித் தளத்துக்கு வந்த பிலாட்டஸ் பி.சி-7 மார்க் 2 பயிற்சி விமானத்தில், விசையாழியால் விசிறியைச் சுழற்றும் டர்போப்ராப் எஞ்சினோடு அந்த இருக்கையும் உண்டு.