ஸ்கேட்டின் குருத்தெலும்பில் எதை நம்பலாம்?

முட்டையிடும் திருக்கைகளான ஸ்கேட்டுகளில் ஏறத்தாழ 300 சிற்றினங்கள் உண்டு. தட்டையான உடல், அகன்ற மார்புத் துடுப்பு, மெலிந்த வால் என ஒரே அச்சில் வார்த்தவை போல அவை அனைத்தும் தோன்றுகின்றன. பதப்படுத்திய மாதிரியில் நிறம் மங்கிவிடும். முதுகு முட்களோ வயதுக்கும் பாலுக்கும் ஏற்ப மாறும். இதனால்தான் வகைப்பாட்டாளர்கள் தோலுக்கு அடியிலிருக்கும் குருத்தெலும்பை நாடினார்கள். சில ஆண்டுகளாக அந்தக் குருத்தெலும்புகளைப் பார்த்து வரும் எனக்கு, அவற்றில் எந்த வேறுபாட்டை நம்புவது என்பதே இந்தத் துறையின் மையக் கேள்வியாகப் படுகிறது.

எளிதில் உணரக்கூடிய வேறுபாடு மூக்கு முனையில் இருக்கிறது. விரலால் அதை மெல்ல வளைத்துப் பார்த்தால், ராஜா, டிப்டூரஸ் போன்ற பேரினங்களில் தடித்த குருத்தெலும்புத் தண்டு விறைப்பாக நிற்கும்; பாதிராஜா என்ற பேரினத்தில் அது மெலிந்திருப்பதால் முனை வளைந்து கொடுக்கும். வன்மூக்கு, மென்மூக்கு என்ற பெரும் பிரிவுக்கு இந்த வேறுபாடு ஒரு முக்கிய அடையாளம். ஆனால் அதே தண்டு ஆய்வாளர்களைத் திசைதிருப்பியும் இருக்கிறது. தண்டின் அடிப்பகுதி துண்டுபட்டிருப்பதை முதன்மையான அடையாளமாகக் கொண்டு ஜப்பானிய ஆய்வாளர் இஷியாமா 1952-இல் ரைனோராஜா என்ற பேரினத்தை வகுத்தார். அந்த ஒரு பண்பை நம்பி அதில் சேர்க்கப்பட்ட சில சிற்றினங்கள் பின்னாளில் பாதிராஜாவுக்கு மாற்றப்பட்டன. இதில் இஷியாமாவை நான் குறை சொல்ல மாட்டேன். பாதிராஜாவையே தனிப் பேரினமாக 1958-இல் நிறுவியவர் அவர்தான்.

என் அனுபவத்தில், அதிகம் சொல்லும் உறுப்பு ஆண் மீனின் கிளாஸ்பர், அதாவது இடுப்புத் துடுப்பிலிருந்து நீளும் இணைவுறுப்பு. அதைச் சிறிது நேரம் வெந்நீரில் வைத்துத் தோலை உரித்து, தசையை இடுக்கியால் இழை இழையாக நீக்கினால், நுனியில் ஒன்றன்மேல் ஒன்று படிந்த சிறு குருத்துத் தகடுகள் வெளிப்படும். ஒன்று கத்தி அலகு போலிருக்கும், மற்றொன்று கொக்கி போல வளைந்திருக்கும். அவற்றின் எண்ணிக்கை, வடிவம், ஒன்றோடொன்று பொருந்தும் முறை ஆகியவை நெருங்கிய சிற்றினங்களுக்கு இடையிலும் வேறுபடக்கூடும். இந்த வேலையில் அவசரமும் தாமதமும் ஒருசேர ஆபத்தானவை: மெல்லிய தகடு ஒன்று தசையோடு சேர்ந்து கிழிந்துவிடலாம், காற்றில் உலர விட்டால் குருத்து சுருங்கி முறுக்கிக்கொண்டு, இயல்பில் இல்லாத வளைவு ஒன்றைக் காட்டும். ஆகவே ஈரம் காயும் முன் வரைந்துவிட்டு, சாராயக் கரைசலில் இடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

ஆனால் முதிர்ந்த ஆணிடம் மட்டுமே கிளாஸ்பர் முழு வடிவம் பெறுகிறது. இளம் ஆணில் அது இன்னும் சுண்ணமேறாமல் மென்மையாக இருக்கும், பெண்ணிலோ உறுப்பே இல்லை. அவற்றுக்கு மண்டைக்கூடு, மார்புத் துடுப்பு பொருந்தும் தோள்வளையத்திலுள்ள துளைகள், முள்ளெலும்புகளின் எண்ணிக்கை, மார்புத் துடுப்புக் கதிர்களின் எண்ணிக்கை ஆகியவற்றையே நம்ப வேண்டியிருக்கிறது. கடைசி இரண்டையும் எக்ஸ்ரே படத்திலேயே எண்ணிவிடலாம். ஒருமுறை ஒரே மீனின் இடப்பக்கக் கதிர்களையும் வலப்பக்கக் கதிர்களையும் எண்ணியபோது இரண்டு கதிர்கள் வேறுபட்டன. மறுபடி எண்ணியும் அதே விடைதான் வந்தது. ஒரே உடலுக்குள் இரண்டு கதிர்கள் மாறுமென்றால், இரு மாதிரிகளுக்கு இடையே இரண்டு கதிர்கள் குறைவதை வைத்துப் புதிய சிற்றினம் என்று எப்படிச் சொல்வது? ஆணும் பெண்ணும், சிறியதும் பெரியதும், பல கடற்பகுதிகளிலிருந்து வந்தவையுமான போதிய மாதிரிகளை எண்ணி, சிற்றினத்துக்குள் அந்த எண் எவ்வளவு அலைகிறது என்பதை அறிந்த பிறகே அது அடையாளமாகும்.

பிழையான முடிவின் விலை பெரிது. வடகிழக்கு அட்லாண்டிக்கில் தனித்தனியாக அறியப்பட்டிருந்த இரு ஸ்கேட்டுகளை, அன்டார்க்டிக் பயணி ஷாக்கில்டனின் என்டூரன்ஸ் கப்பலில் உயிரியலாளராகச் சென்ற ராபர்ட் கிளார்க் 1926-இல் ஒரே சிற்றினமாக இணைத்தார். அவை இரண்டுதான் என்று மரபணு, உடலமைப்பு ஆகிய இரண்டின் துணையோடும் மீண்டும் நிறுவப்பட்டது 2010 வாக்கில். இடைப்பட்ட காலத்தில், இரண்டு மீட்டருக்கு மேல் வளரும் டிப்டூரஸ் இன்டர்மீடியஸும் அதைவிடச் சிறிய டிப்டூரஸ் பாட்டிஸும் பிடிப்புக் கணக்குகளில் ஒரே பெயரில் பதிவாகிவந்தன; பெரியது எந்த அளவுக்குக் குறைந்தது என்பதைத் தனியே பார்க்க வழியில்லாமல் போயிற்று.

கடந்த மாதம் என் மேசைக்கு வந்த மென்மூக்குப் பெண் மீனின் தோள்வளையத்தில், பின்புறத் துளை நான் பார்த்தவற்றைவிட அகலமாக இருந்தது. முள்ளெலும்பு எண்ணிக்கையோ, ஏற்கெனவே அறிந்த ஒரு சிற்றினத்தின் எல்லைக்குள்தான் வந்தது. திசுத் துண்டு ஒன்றை மரபணு ஆய்வுக்காக எடுத்து வைத்துவிட்டு, சீட்டில் பாதிராஜா என்று மட்டும் எழுதினேன். சிற்றினப் பெயருக்கான இடம், அதே ஆழத்திலிருந்து முதிர்ந்த ஆண் ஒன்று கிடைக்கும் வரை காலியாகவே இருக்கும்.