கோட்டிக்காரி என்று எழுதும் முன்

பாளையங்கோட்டை வகுப்பறையில் ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' (1811) நாவலை எடுத்தால், இரண்டாம் நாளே மரியானுக்குப் பட்டம் கிடைத்துவிடும்: "இவ சரியான கோட்டிக்காரில்லா சார்!" கோட்டி என்றால் நெல்லைப் பேச்சில் பைத்தியம். கைடும் அதையேதான் நாகரிகமாகச் சொல்கிறது: அக்கா எலினார் அறிவு, தங்கை மரியான் உணர்ச்சி. விடைத்தாளில் மதிப்பெண் போவது இந்த வரியால்தான்.

முதலில் அத்தியாய எண் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். மொத்தம் 50 அத்தியாயம். மூன்று பாகமாகப் பிரித்த பதிப்பில் 22, 14, 14 என்று எண் ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து தொடங்கும். அதில் 29ஆம் அத்தியாயம் என்பது இரண்டாம் பாகம், 7.

அந்த 29தான் உயிர். ஜனவரிக் குளிர், வேலைக்காரி இன்னும் கணப்பு மூட்டவில்லை. அரைகுறை உடையோடு ஜன்னலோரம் மண்டியிட்டு, கிடைக்கிற வெளிச்சத்தில், தன்னைக் கைவிட்ட காதலன் வில்லோபிக்கு அழுதுகொண்டே கடிதம் எழுதுகிறாள் மரியான். இதை 16ஆம் அத்தியாயத் தொடக்கத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். வில்லோபி பிரிந்த முதல் இரவு தூக்கம் வந்திருந்தால் அவளே தன்னை மன்னித்திருக்க மாட்டாளாம். அது நையாண்டி. 29இல் கேலி அடங்கிவிடுகிறது. இரண்டையும் ஒரே அழுகையாகக் கணக்கு வைப்பதுதான் வழக்கமான பிழை.

நோட்டில் நடுவே ஒரு கோடு போடச் சொல்லலாம். இடப்பக்கம் மரியான் செய்ததும் சொன்னதும். வலப்பக்கம் எலினார் நினைத்தது. கதை பெரும்பாலும் எலினார் கண் வழியே நகர்வதால் வலப்பக்கம் மளமளவென்று நிரம்பும். அந்தக் கண்ணும் நடுநிலை இல்லை. தான் விரும்பிய எட்வர்டுக்கு வேறொருத்தியோடு நிச்சயமான ரகசியத்தை நான்கு மாதம் நெஞ்சில் பூட்டி வைத்திருந்தவள் அவள் (அத்தியாயம் 37). வாய்விட்டு அழும் தங்கையை, அழ வழியில்லாத அக்கா அளக்கிறாள்.

பணத்தை விட்டுவிடக் கூடாது. மூத்த தாரத்து அண்ணன் ஜான், தங்கைகளுக்கு ஆளுக்கு ஆயிரம் பவுண்டு என்று ஆரம்பிக்கிறான். பெண்டாட்டி பேசிப் பேசியே அதை மீனும் வேட்டைக்கறியுமாக இறக்கிவிடுகிறாள் (2). சீர் பேசுவதைக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதற்கு உரையே வேண்டாம். வில்லோபி கட்டிக்கொண்டதும் 50,000 பவுண்டுக்காரியைத்தான்.

'டிப்ரஷன்' என்று எழுதி முடிப்பதும் சோம்பல்தான். ஈரப் புல்லில் நடந்து, நனைந்த ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து காய்ச்சலை வரவழைத்தவள் (42), பிழைத்த பிறகு, செத்திருந்தால் அது தற்கொலைதான் என்று தானே சொல்கிறாள் (46). உன் நடத்தையை வில்லோபியுடையதோடு ஒப்பிடுகிறாயா என்று எலினார் கேட்க, இல்லை, உன்னுடையதோடு என்கிறாள். வாய் மரியானுடையது, அளவுகோல் எலினாருடையது. கோட்டுக்கு எந்தப் பக்கம் எழுதுவதென்று வகுப்பு இரண்டாகப் பிரிவது அந்த இடத்தில்தான்.