ராக்கி லினக்ஸில் போஸ்ட்கிரெஸ் போட்ட கதை

எங்கள் வாசிப்பு வட்டத்தின் நூல் பட்டியல் இதுவரை ஒரு எக்செல் கோப்பில் இருந்தது. சிங்கப்பூரின் ஈசூன் ஆர்சி (குடியிருப்பாளர் குழு) அறையில் சும்மா கிடந்த கணினியில் ராக்கி லினக்ஸ் 9 என்ற இயங்குதளத்தைப் போட்டு, பட்டியலை போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளுக்கு மாற்றினோம்.

ராக்கி 9 தானாகத் தருவது போஸ்ட்கிரெஸின் 13ஆம் பதிப்பு. அதற்கான ஆதரவு 2025 நவம்பரோடு முடிந்துவிட்டது. ஆகவே முதலில் ராக்கியின் மென்பொருள் நிறுவியான டிஎன்எஃப்பில் 16ஆம் பதிப்புக்கான மாட்யூலை எனேபிள் செய்துவிட்டு, அப்புறம் சர்வர் தொகுப்பை இன்ஸ்டால் செய்தோம். அது சட்டென்று முடிந்துவிட்டது.

உபுண்டு பழகியவர்கள் இங்கேதான் திகைப்பார்கள். அங்கே நிறுவியான ஏபிடி இன்ஸ்டால் செய்யும்போதே டேட்டாபேஸை உருவாக்கி ஓடவும் விட்டுவிடும். ராக்கி சேர்ந்த ரெட்ஹாட் குடும்பத்தில் டேட்டா ஃபோல்டர் காலியாகவே இருக்கும், சர்வீஸைத் தொடங்கினால் ஓடாது. அதை நிரப்ப "போஸ்ட்கிரெஸ்கியூஎல்-செட்டப்" கமாண்டை இனிட்டிபி ஆப்ஷனோடு ரூட்டாக ஓட்ட வேண்டும்.

ஓட்டப் போன தம்பியை நிறுத்தி, "முதல்ல லோகேல் என்னன்னு பாருப்பா" என்றேன். லோகேல் என்பது கணினியின் மொழி, எழுத்து அமைப்பு. தமிழ் வைக்கப் போகிறவர்கள் இதைத் தவறவே விடக்கூடாது. லோகேல் வெறும் "சி" என்றிருந்தால் டேட்டாபேஸ் எஸ்கியூஎல் ஆஸ்கி என்கோடிங்கில் (எழுத்துகளை பைட்டுகளாக வைக்கும் முறை) உருவாகிவிடும். எழுத்துகளைச் சேமிக்கும், திருப்பியும் காட்டும். அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. வித்தியாசத்தைக் காட்ட, பின்னர் சர்வர் ஓடத் தொடங்கியதும், இரண்டு விதமாகவும் ஒவ்வொரு டேட்டாபேஸ் உருவாக்கி, "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டோம். தமிழை எழுத்தாகவே அறியும் யூடிஎஃப்-8 என்கோடிங்கில் 5 என்று வந்தது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஆஸ்கியிலோ 15, அத்தனையும் பைட் கணக்கு. அதில் தலைப்பின் முதல் பத்து எழுத்தை வெட்டச் சொன்னால் ஓர் எழுத்தின் நடுவிலேயே கத்தி விழும். ஒரு டேட்டாபேஸ் உருவான பிறகு அதன் என்கோடிங்கை மாற்ற வழியில்லை. புதிதாக ஒன்றை உருவாக்கித் தரவை இடம் மாற்ற வேண்டியதுதான்.

லோகேலை "சி.யூடிஎஃப்-8" ஆக்கி, செட்டப்பை ஓட்டி, சர்வீஸை எனேபிள் செய்தோம். அடுத்து, பாஸ்வேர்டு கொடுத்து நுழையப் பார்த்தால் "ஐடென்ட்" தோல்வி என்று வரும். யார், எப்படி நுழையலாம் என்று சொல்லும் பிஜி-எச்பிஏ கோப்பில், இதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1 வரியில் ஐடென்ட் (பாஸ்வேர்டுக்குப் பதில் கணினியின் பயனர் பெயரைப் பார்க்கும் முறை) என்றிருப்பதை, பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் ஸ்கிராம்-ஷா-256 என்று மாற்றி, சர்வீஸை ரீலோட் செய்தால் போதும். பலர் சலித்துப்போய் "டிரஸ்ட்" என்று போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அந்தக் கணினியில் உட்காரும் எவரும் பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே வந்துவிடலாம்.

டைம்ஸோனை ஏசியா/சிங்கப்பூர் என்று வைத்தோம். பழைய சந்திப்புக் குறிப்புகளை நேரத்தோடு ஏற்றியபோது 1970களின் வரிகளில் மட்டும் +07:30 என்று காட்டியது. அது சரிதான். சிங்கப்பூர் கடிகாரம் அரை மணி முன்னே நகர்ந்து +08:00 ஆனது 1982 ஜனவரி 1 அன்றுதான். போஸ்ட்கிரெஸுக்கு அதுவும் தெரிந்திருக்கிறது.