என் கைக்கு ஒரு கொறடு

மன்னார்குடி பக்கம் எங்க கொல்லுப்பட்டறையில பழுத்த இரும்பைப் பிடிக்க இருக்கிற கொறடெல்லாம் அப்பா தன் கைக்கு அடிச்சது. எனக்கு எதுலயும் வாய் சேராது. போன மாசம் பழுத்த அரிவாள் பட்டை நழுவிக் கால்கிட்ட விழுந்துச்சு. அன்னைக்கே சொந்தமா ஒண்ணு அடிக்கிறதுன்னு முடிவு பண்ணேன்.

12 மில்லி இரும்புக் கம்பி ரெண்டு எடுத்து, வாயைத் தட்டி, சூட்டோட துளை போட்டு ரிவெட் அடிச்சாச்சு. அடிச்சதும் அசையவே இல்ல! அப்பா பார்த்துட்டு, "ரிவெட் அடிச்ச மூட்டுப் பக்கத்தைச் சிவக்கக் காய்ச்சி, ஆட்டிக்கிட்டே தண்ணியில முக்குடா தம்பி"ன்னார். அப்படியே செஞ்சேன், கத்தரிக்கோல் மாதிரி இளகிடுச்சு. அப்புறம் வாயைக் காய்ச்சி, நடுவுல அரிவாள் பட்டையையே வெச்சு மேல நாலு தட்டு. இப்ப பட்டை துளியும் ஆடல.

துளை போட்ட பஞ்ச்கூட நான் செஞ்சதுதான். பழைய வண்டியோட சுருள் ஸ்பிரிங் கம்பி. காந்தம் ஒட்டாத சூடு வந்ததும், ஏறக்குறைய 770 டிகிரி, எண்ணெயில முக்கணும். அதோட விட்டா கண்ணாடி மாதிரி உடையும். முனையைத் தேய்ச்சு, மெல்ல காய்ச்சி, வைக்கோல் நிறம் தாண்டி ஊதா ஏறும்போது நிறுத்தணும். அந்த நிறம் ஓடுறதைப் பார்க்க அவ்வளவு அழகு.

அடுத்து வெட்டுளி. கரி வாங்கியாச்சு.