என் பக்கத்து வீட்டுக்காரர் கட்சி மாற மாட்டார்

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் எல்க் மான் வேட்டைக்குப் போகிற ஒருவரைப் பிடித்து யாருக்கு ஓட்டு என்று கேட்டால், பெரும்பாலும் ரிபப்ளிக்கன் என்றுதான் சொல்வார். அந்தக் கட்சி 2016-ல் வெளியிட்ட கொள்கை அறிக்கையிலோ, மத்திய அரசின் குறிப்பிட்ட சில நிலங்களை மாநிலங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தது. இவர்கள் வேட்டையாடுவது மத்திய அரசு நிலத்தில்தான். இரண்டும் எப்படி ஒத்துப்போகிறது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். ஓய்வுபெற்ற பிளம்பர். கராஜில் இருக்கும் ஃப்ரீசரைத் திறந்தால், வெள்ளைத் தாளில் சுற்றி மார்க்கரில் தேதி எழுதிய எல்க் இறைச்சிப் பொட்டலங்கள் அடுத்த அக்டோபர் வரைக்கும் வரும்.

"நிலம் மட்டுமா? வரி இருக்கிறது, சர்ச் இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது. டெமாக்ரட்டுகள் துப்பாக்கியில் கை வைப்பார்கள். அதற்கப்புறம் எவ்வளவு காடு இருந்து எனக்கு என்ன?" என்றார்.

அவர் சொல்வதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் எனக்கு இந்த நிலம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது. எங்கள் ஊர் ஏரியில் மீன் குத்தகைக்காரரின் ஆள் சின்னப் பசங்களின் தூண்டிலைக்கூடப் பிடுங்கிப் போடுவார். இங்கே சிப் கம்பெனி வேலைக்கு வந்த நான், ஒரு லைசென்ஸ் எடுத்துக்கொண்டு ஆண்டர்சன் ராஞ்ச் அணைக்குக் கீழே சாலையோரம் வண்டியை நிறுத்தி, பாய்சி ஆற்றின் தென்கிளையில் இறங்கி நிற்கிறேன். அணையின் அடியிலிருந்து வரும் தண்ணீர், ஜூலையிலும் முழங்காலுக்குக் கீழே மரத்துப்போகும். ரெயின்போ ட்ரவுட் மீன் ஒன்று தூண்டிலில் கட்டிய செயற்கை ஈயை வாங்கிவிட்டுப் பாறைக்குப் பின்னால் இழுக்கும்போது, கரையில் யாரும் வந்து 'நீ யார்' என்று கேட்பதில்லை. ஐடஹோ நிலப்பரப்பில் 60 சதவீதத்துக்கு மேல் இப்படி மத்திய அரசின் பெயரில், அதாவது எல்லோர் பெயரிலும் இருக்கிறது.

மாநிலத்திடம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்கள் பழைய கணக்கைப் பார்க்க வேண்டும். 1890-ல் ஐடஹோ மாநிலமானபோது சுமார் 36 லட்சம் ஏக்கர் அதற்குக் கிடைத்தது. பள்ளிகளுக்காக அதிலிருந்து அதிகபட்ச வருமானம் எடுக்க வேண்டும் என்று மாநில அரசியலமைப்பே சொல்கிறது. பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் விற்றாகிவிட்டது. தனியார் கையில் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2016-ல் டெக்சாஸ் கோடீஸ்வர சகோதரர்கள் இருவர் மாநிலத் தலைநகர் பாய்சிக்கு வடக்கே 1,72,000 ஏக்கர் மரக்காட்டை ஒரு மரக் கம்பெனியிடமிருந்து வாங்கினார்கள். அதுவும் தனியார் நிலம்தான், ஆனால் பழைய கம்பெனி மக்களை உள்ளே விட்டிருந்தது. புது உரிமையாளர்கள் கேட் போட்டார்கள். அப்பாவோடு போன பாதையில் பிள்ளையைக் கூட்டிப் போக முடியவில்லை என்று இங்கே பல வீடுகளில் இன்னும் பேச்சு.

அப்புறம் 2025 ஜூன் வந்தது. யூட்டாவின் ரிபப்ளிக்கன் செனட்டர் மைக் லீ, டிரம்ப்பின் பெரிய பட்ஜெட் மசோதாவில், மேற்கே 11 மாநிலங்களில் 20 லட்சம் முதல் 30 லட்சம் ஏக்கர் வரை விற்கும் பிரிவைச் சேர்த்தார். வீடு கட்ட இடம் வேண்டும் என்பது காரணம். வீட்டுப் பற்றாக்குறை உண்மைதான், பாய்சியில் வாடகை கொடுப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் முதலில் வந்த வரைவு ஊரிலிருந்து வெகுதூரம் தள்ளிய மலைச்சரிவுகளையும் விற்பனைக்குத் தகுதியாக்கியது. அங்கே யார் போய் குறைந்த விலை வீடு கட்டப்போகிறார்கள்?

அந்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் நின்று போனை நீட்டினார். வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் வரைபடச் செயலி. பச்சை என்றால் தேசியக் காடு, மஞ்சள் என்றால் பி.எல்.எம். என்ற மத்திய நில மேலாண்மைத் துறையின் நிலம், நீலம் மாநிலத்துடையது. ஓவைஹீ பக்கம், நாயோடு கௌதாரி சுடப் போகும் மஞ்சள் சதுரத்தைப் பெருவிரலால் பெரிதாக்கிக் காட்டினார். "இதுவும் பட்டியலில் வரும்போல இருக்கிறது. செனட்டர் ஆபீஸுக்கு போன் போட்டேன். இத்தனை வருடம் உங்களுக்கே ஓட்டுப் போட்டவன் பேசுகிறேன் என்று சொன்னேன்" என்றார்.

அவர் மட்டும் போன் போடவில்லை. ஐடஹோவின் கிரேப்போ, ரிஷ், மொன்டானாவின் டெய்ன்ஸ், ஷீஹி என்று ரிபப்ளிக்கன் செனட்டர்களே எதிர்த்தார்கள். கீழவையில் மொன்டானாவின் ரயன் ஜிங்கி, எங்கள் மைக் சிம்ப்சன் உட்பட 5 ரிபப்ளிக்கன் உறுப்பினர்கள், இந்தப் பிரிவு இருந்தால் மசோதாவுக்கே ஆதரவில்லை என்றார்கள். பெரும்பான்மை அவ்வளவு குறுகலாக இருந்ததால் 5 பேரே போதும். ஜூன் 28-ம் தேதி லீ பின்வாங்கினார். 2017-ல் யூட்டாவின் ரிபப்ளிக்கன் கீழவை உறுப்பினர் ஜேசன் சாஃபெட்ஸ் 33 லட்சம் ஏக்கர் விற்கும் மசோதாவை வாபஸ் வாங்கியதும் இதே மாதிரிதான், வேட்டைக்காரர்களின் கூச்சலால்.

டெமாக்ரட்டுகளின் எதிர்ப்பு எதிர்பார்த்ததுதான், அதனால் மட்டும் இது நின்றிருக்காது. சொந்த ஓட்டு வங்கி கோபப்பட்டதால்தான் நின்றது. அதனால் பக்கத்து வீட்டுக்காரரைக் கட்சி மாறச் சொல்லி நான் இனி வாதாடப் போவதில்லை. நான் கேட்பது வேறு. ஐடஹோவில் பல தொகுதிகளில் நவம்பர் தேர்தல் வெறும் சடங்கு. கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மே மாத பிரைமரி தேர்தலில் ரிபப்ளிக்கன் வேட்பாளர் யார் என்று முடிவானதுமே உறுப்பினர் யார் என்பதும் முடிவாகிவிடும். அங்கே நிற்பவர்கள் எல்லோரும் துப்பாக்கியை ஆதரிப்பவர்கள், வரியைக் குறைப்போம் என்பவர்கள். அவர் பயப்படுகிற எதையும் இழக்காமல் நிலத்தை மட்டும் வைத்து அவர் தேர்ந்தெடுக்கக்கூடிய இடம் அதுதான். குறிப்பாக மாநில சட்டமன்றத்துக்கு. 2013-ல் மத்திய அரசு நிலத்தைத் தா என்று தீர்மானம் போட்டது அந்தச் சட்டமன்றம்தானே. செனட்டருக்கு போன் போடுகிற அளவுக்கு யாரும் அவர்களைக் கவனிப்பதில்லை.

இதைச் சொன்னபோது அவர் கொஞ்சம் யோசித்து, தன் தொகுதி உறுப்பினர் பெயரே தனக்குத் தெரியாது என்றார். அடுத்த வேட்பாளர் கூட்டத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து போவதாகப் பேச்சு. நான் கேட்கப்போவது ஒரே கேள்வி: அந்தத் தீர்மானம் மறுபடி வந்தால் உங்கள் ஓட்டு எந்தப் பக்கம்?

பாய்சித் தமிழ் நண்பர்களுக்கு: குடியுரிமை வாங்கி, எந்தக் கட்சியும் குறிக்காமல் வாக்காளராகப் பதிவு செய்திருந்தால், மே மூன்றாவது செவ்வாய்க்கிழமை நடக்கும் அந்த பிரைமரியில் வாக்குச்சாவடியிலேயே கட்சியைச் சொல்லிச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே வேறு கட்சியில் பதிவானவர்கள் மட்டும் வேட்பு மனுத் தாக்கல் முடிவதற்குள் மாற்றிக்கொள்ள வேண்டும்.