முறுக்கு மாவான கதை

சென்ற ஆண்டு மே மாதம் வீட்டோடு கூடிய எங்கள் வேனில், அதாவது மோட்டார்ஹோமில், இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து வடக்கே கெசிக் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்து, வண்டியை நிறுத்தித் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். மனைவி மேல் அலமாரியிலிருந்து முறுக்கு டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தாள். ஒன்றும் பேசாமல் என் முன்னால் நீட்டினாள். உள்ளே முறுக்கு இல்லை. எள் தூவிய மாவுதான் இருந்தது.

“பஸ்ஸில் வந்தவர்களையும் இப்படித்தான் உலுக்கினீர்களா?” என்றாள்.

22 ஆண்டுகள் நகர பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவனை இதைவிட நோகடிக்க முடியாது. ஆனாலும் அவள் சொன்னதில் பிழையில்லை. எம்6 நெடுஞ்சாலையில் பாலங்களின் இணைப்பு ஒவ்வொன்றும் இடுப்பில் வந்து இடித்தது. எவர்சில்வர் பாத்திரங்கள் வழி நெடுகக் கச்சேரி நடத்தின. பென்ரித்தில் திரும்பி ஏ66-இல் ஏறியபோது ஷவர் கதவும் சேர்ந்துகொண்டது.

எங்களுடையது 2011-ஆம் ஆண்டு ஃபியட் டுகாட்டோவின் மேல் வீடு கட்டிய மோட்டார்ஹோம். மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது. டுகாட்டோ அடிப்படையில் சரக்கு வேன். சரக்கு வேன் காலையில் நிறைந்து போகும், மாலையில் காலியாகத் திரும்பும். மோட்டார்ஹோம் அப்படியல்ல; கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி என்று எல்லாவற்றையும் சுமந்தபடியே வாசலில் நின்றாலும் நிற்கும். பாரமே இறக்காத லாரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பிய மறுநாள் பாயை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். பின் அச்சைத் தாங்குவது தகட்டு ஸ்பிரிங். அதற்கு மேலே, வண்டியின் அடிச்சட்டத்தில் பொருத்திய கூம்பு வடிவ ரப்பர்க் கட்டை ஒன்று உண்டு. டார்ச் அடித்துப் பார்த்தால், அந்த ரப்பரின் முனை அச்சைத் தொட்டுத் தொட்டு மெருகேறிப் பளபளத்தது. இடையில் என் நூலக அட்டையை நுழைத்துப் பார்த்தேன், நுழையவில்லை. டுகாட்டோவில் அந்த ரப்பர் துணை ஸ்பிரிங்காகவும் வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் நிற்கும்போதே அமுங்கிக் கிடந்தால், குழி வரும்போது மேற்கொண்டு அமுங்க என்ன மிச்சம் இருக்கும்? அடி நேராக வீட்டுக்குள் போகிறது.

இதுவரை என் கணிப்பு சரி. இதற்குப் பிறகுதான் முட்டாள்தனம்.

அந்த ரப்பரை எடுத்துவிட்டு அதன் இடத்தில் காற்றுப்பை வைக்கும் தொகுதி ஒன்று கிடைக்கும். தகட்டு ஸ்பிரிங் அப்படியே இருக்கும். அதற்குத் தோள் கொடுப்பதுதான் காற்றுப்பையின் வேலை. வாங்கினேன், ஒரு பட்டறையில் பொருத்தினேன். காற்று கூடினால் சுகமும் கூடும் என்று எனக்கு நானே முடிவு செய்து 4 பார் (காற்றழுத்தத்தின் அளவு) வரை ஏற்றினேன். பின்பக்கம் கோழி வாலைத் தூக்கியதுபோல் எழும்பி நின்றது. ஓட்டிப் பார்த்தால் முன்பைவிட மோசம். மரப்பலகையில் உட்கார்ந்து போவதுபோல் இருந்தது. மனைவி இந்த முறை முறுக்கு சுடவில்லை. அதையும் ஒரு பதிலாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

செலவழித்த பிறகுதான் புத்தி வந்தது. வண்டியின் எடை தெரியாமல் இதில் எதைச் செய்தாலும் அது இருட்டில் கல் எறிவதுதான். டீசல் நிரப்பி, சமையல் எரிவாயு உருளையோடும் வழக்கமான மூட்டை முடிச்சுகளோடும் நாங்கள் இருவரும் ஏறி எடைமேடைக்குப் போனோம். முன் சக்கரங்கள் மட்டும் மேடையில்: 1,560 கிலோ. பின் சக்கரங்கள் மட்டும்: 1,880. கூட்டினால் 3,440. தப்பித்தோம்; ஆனால் பின் அச்சின் வரம்பே 2,000 கிலோதான்.

எங்கே ஏறியது இவ்வளவு பாரம்? வண்டிக்குப் பின்னால் இரண்டு மின்சார சைக்கிள்களைத் தொங்கவிட்டிருந்தேன். தாங்கியோடு 50 கிலோ. பின் அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் தொங்குகிறது. முன், பின் அச்சுகளுக்கு இடையே 4 மீட்டர் சொச்சம். சின்ன வயதில் ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு சொல்லாமலே புரியும். பின் அச்சில் ஏறுவது 50 கிலோ அல்ல, ஏறத்தாழ 75. மிச்ச 25 கிலோ முன் அச்சிலிருந்து பிடுங்கியது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்பக்கம் லேசாக மிதப்பதுபோல் இருந்ததன் காரணம் அன்றுதான் விளங்கியது. சைக்கிள்கள் வீட்டிலேயே தங்கின. பின் பெட்டியில் கிடந்த மாவரைக்கும் கிரைண்டரும் அரிசிப் பையும் நடுவில் இருக்கைக்கு அடியில் வந்தன. (நான்கு நாள் பயணத்துக்குக் கிரைண்டர் எதற்கு என்று கேட்டேன். அந்த உரையாடலை இங்கே எழுதப் போவதில்லை.)

இப்போது டயர். 215/70, 15 அங்குலம், சி.பி. வகை, அதாவது மோட்டார்ஹோமுக்கென்றே கெட்டியாகச் செய்வது. கதவோரத்து ஒட்டுத்தாளில் முன்னே 5.0 பார், பின்னே 5.5 பார் என்று போட்டிருந்தது. அது அச்சு தாங்கக்கூடிய முழுப் பாரத்துக்கான எண். முன் அச்சின் வரம்பு 1,850 கிலோ. எங்கள் வண்டியில் இருப்பதோ 1,600-க்கும் குறைவு. சாலையைத் தொடும் முதல் ஸ்பிரிங் டயர்தான். அதைக் கல்லாக்கி வைத்துவிட்டு மேலே எதை மாற்றினாலும் பயன் குறைவு.

டயர் நிறுவனத்துக்கு டயரின் அளவு, வகை, இரண்டு அச்சுகளின் எடை எல்லாவற்றையும் எழுதிக் கேட்டேன். முன்னே 3.7 பார் போதும், பின்னே 5.5-ஐக் குறைக்க வேண்டாம் என்று பதில் வந்தது. பின்பக்கமும் குறைக்கலாம் என்றுதான் நான் ஆசைப்பட்டேன். ஆனால் உயரமான வண்டி, வளைவில் பாரம் ஒரு பக்கம் சாயும், அச்சுக்குப் பின்னால் வால் நீளம். அங்கே டயர் தளர்ந்தால் சூடேறும், வண்டி ஆடும். வாயை மூடிக்கொண்டேன். இந்த 3.7 என் வண்டிக்கு, என் எடைக்கு. தயவுசெய்து அப்படியே எடுத்துப் போகாதீர்கள்.

காற்றை வெயில் படாத காலையில், வண்டி நகரும் முன்பே அளக்க வேண்டும். ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓடினால் 3.7 என்பது 4.1 ஆகிவிடும். கூடிவிட்டதே என்று அப்போது திறந்துவிடக் கூடாது.

அளக்கக் குனிந்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. முன்பு டயர் மாற்றிய கடையில் நான்கு சக்கரங்களுக்கும் காருக்குப் போடும் சாதாரண ரப்பர் வால்வைப் போட்டிருந்தார்கள். அந்த வகை 4.5 பார் வரைக்குமே ஏற்றது. பின் டயர்களில் இருந்ததோ 5.5. இரண்டு கோடை முழுவதும் அதோடு ஸ்காட்லாந்து வரை போய் வந்திருக்கிறோம். உடனே உலோக வால்வுக்கு மாற்றினேன். நீங்களும் மோட்டார்ஹோம் வைத்திருந்தால், இதை மட்டுமாவது இன்றைக்கே குனிந்து பாருங்கள்.

கடைசியாகக் காற்றுப்பை. இந்த முறை அழுத்தமானியைப் பார்த்து ஏற்றவில்லை. அளவு நாடாவைப் பார்த்து ஏற்றினேன். தரையிலிருந்து பின் சக்கர வளைவு வரை அளந்து, வண்டி சமமாக நிற்கும் இடத்தில் நிறுத்தினேன். 1.8 பார் போதுமானதாக இருந்தது. அச்சு மேலும் கீழும் ஏறி இறங்க இப்போது இடம் இருக்கிறது. பின் ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்திருந்ததால் அவற்றையும் மாற்றினேன்.

செப்டம்பரில் அதே சாலை. முன்பக்கத்து அடி நன்றாகவே குறைந்திருந்தது. பாலத்து இணைப்புகள் ‘டம்’ என்பதற்குப் பதிலாக ‘தொப்’ என்றன. பின்பக்கம் இன்னும் கொஞ்சம் விறைப்புதான், 5.5 பார் டயர் பஞ்சணையாகாது. பக்கவாட்டு ஆட்டமும் முழுதாகப் போகவில்லை. லாரி முந்திப் போகும்போது ஒரு தள்ளு தள்ளத்தான் செய்கிறது. அதற்குப் பின் அச்சில் ஆட்டத்தடுப்புக் கம்பி ஒன்று போடலாம் என்கிறார்கள். மனைவியிடம் இன்னும் விலை சொல்லவில்லை.

ஒரு ‘கிணிங் கிணிங்’ மட்டும் விடாமல் வந்துகொண்டே இருந்தது. சஸ்பென்ஷனில்தான் ஏதோ தளர்ந்திருக்கிறது என்று மழையில் இரண்டு முறை அடியில் படுத்துத் தேடினேன். கெசிக்கில் மனைவி அடுப்பைத் திறந்து, கிரில் தட்டுக்கு அடியில் ஒரு துவாலையை மடித்து வைத்தாள். சத்தம் நின்றது. டப்பாவில் எட்டு முறுக்கு முழுசாக இருந்தன, நான்கு உடைந்திருந்தன. உடைந்தவற்றை எனக்குக் கொடுத்தாள்.