பூம் லிஃப்ட் இயக்கும் அட்டையும் எங்கள் ஆலையின் களிமண்ணும்

மன்னார்குடிக்கு அருகே உள்ள ஒரு நவீன அரிசி ஆலையில் 11 ஆண்டுகளாக ஃபிட்டராக வேலை செய்கிறேன். நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் தலைப்பகுதியில் பேரிங் மாற்றுவது, கூரைத் தகட்டில் ஒழுகும் இடத்தை அடைப்பது, தூசிக் குழாயில் ஓட்டை விழுந்தால் பற்றவைப்பது என்று உயரத்தில் செய்ய வேண்டிய எல்லா வேலைகளையும் சவுக்குச் சாரம் கட்டியோ, இரண்டு ஏணிகளைச் சேர்த்துக் கட்டியோதான் செய்து வந்தோம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது எங்கள் ஆலையின் கூரைத் தகடுகளும் பெயர்ந்து பறந்தன. அவற்றைத் திரும்பப் பொருத்துவதற்காக ஏறிய எங்கள் கூட்டாளி ஒருவர், ஏணி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அதன்பின் வேலைக்குத் திரும்பவே இல்லை. அந்த ஏணியின் அடியை அன்று பிடித்துக்கொண்டிருந்தவன் நான்.

ஆகவே, சென்ற ஆண்டு கூரை வேலைக்கு, ஆளைக் கூடையில் ஏற்றி நீண்ட கையால் உயர்த்தும் பூம் லிஃப்ட் ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம் என்று முதலாளி சொன்னபோது, இயக்குவதற்கு நானே பயிற்சி எடுத்துக்கொள்கிறேன் என்று முன்வந்தேன். வாடகைக்கு விடுபவர்கள் ஓட்டுநரையும் சேர்த்தே அனுப்புவார்கள் என்றாலும், எங்கள் இடத்தைத் தெரிந்தவர் ஒருவர் கூடையில் இருப்பது நல்லது என்று எனக்குத் தோன்றியது. வைகாசி மாதத்தில், சென்னைப் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில், ஐபாஃப் என்னும் பன்னாட்டு அமைப்பின் பாடத்திட்டப்படி 2 நாள் பயிற்சி. அந்தப் பாடத்தில் 3ஏ என்பது நேர்க்குத்தாக மட்டுமே எழும் சிசர் லிஃப்ட். 3பி என்பது கையை நீட்டிச் சக்கரங்களின் எல்லைக்கு வெளியேயும் ஆளைக் கொண்டுபோகும் பூம் லிஃப்ட். இரண்டுக்கும் பதிவு செய்தேன்.

வகுப்புப் பாடம் கடினமாக இல்லை. கூடையில் ஏற்றக்கூடிய எடை, காற்றின் வேகம், சரிவின் அளவு ஆகியவற்றை இயந்திரத்தில் பொருத்தியிருக்கும் தகட்டிலிருந்தே படிக்க வேண்டும், நினைவிலிருந்து சொல்லக்கூடாது என்பதைப் பயிற்சியாளர் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். வெளியில் பயன்படுத்தும் இயந்திரங்கள் பெரும்பாலானவற்றுக்குக் காற்றின் உச்ச வரம்பு நொடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். ஆடிக் காற்றில் வளர்ந்த நமக்கு அது பெரிய வேகமாகவே தெரியாது. ஆனால் கூரைத் தகடு ஒன்றைக் கூடையில் நிமிர்த்திப் பிடித்தால் அதுவே பாய்மரமாகிவிடும் என்று அவர் சொன்னபோது எனக்குப் புயலுக்குப் பிந்தைய அந்த நாள்கள்தான் நினைவுக்கு வந்தன.

உடலில் கட்டிக்கொள்ளும் பாதுகாப்புப் பட்டையான ஹார்னஸ் பற்றி நான் வைத்திருந்த எண்ணமும் அங்கே மாறியது. விழுந்தபின் தாங்குவதற்காகத்தான் அது என்று நினைத்திருந்தேன். பூம் லிஃப்டில் சக்கரம் ஒரு சிறு பள்ளத்தில் இறங்கினாலே, நீண்ட கையின் நுனியில் இருக்கும் கூடை கவண் போல உதறி ஆளை வெளியே எறிந்துவிடும். அதனால் கயிற்றை இயன்றவரை குறுக்கி, கூடைக்குள் அதற்கென்று உள்ள கொக்கியில் மாட்ட வேண்டும். ஆள் கூடையை விட்டு வெளியே போகவே கூடாது என்பதுதான் நோக்கம். பக்கத்திலுள்ள தூணிலோ உத்தரத்திலோ மாட்டுவது பெரும் தவறு. கூடை நகர்ந்தால் மாட்டியவரின் கதி என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

செய்முறைத் தேர்வில் முதல் முறை நான் தேறவில்லை. மேற்பகுதியை அரைவட்டம் திருப்பிவிட்டால், கூடையில் நிற்பவருக்கு இயந்திரத்தின் முன்பக்கம் பின்னால் போய்விடும். ஜாய்ஸ்டிக்கை முன்னே தள்ளினால் வண்டி பின்னே நகரும். இதற்காகவே அடிச்சட்டத்தில் அம்புக்குறிகள் வரைந்திருக்கின்றன. அவற்றைப் பாராமல், தலைக்கு மேலே இருந்த இரும்பு உத்தரத்தையே பார்த்துக்கொண்டு தள்ளினேன். வண்டி என்னை உத்தரத்தை நோக்கிக் கொண்டுபோனது. பயிற்சியாளர் கீழிருந்தே நிறுத்திவிட்டார். கூடைக்கும் உத்தரத்துக்கும் இடையில் மார்பு நசுங்கி, கைகள் கட்டுப்பாட்டுப் பலகையின்மீதே அழுந்திக் கிடந்து இறந்தவர்கள் உண்டு என்று அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார். மறுநாள் காலை அதே தேர்வில், ஒவ்வொரு அசைவுக்கு முன்பும் அம்பைப் பார்த்து, தலைக்கு மேலே பார்த்து, பிறகே கால்மிதியை அழுத்தினேன். தேறினேன். தேறியவருக்குக் கொடுக்கும் இயக்குநர் அட்டை 5 ஆண்டுகளுக்குச் செல்லும்.

அட்டையோடு ஊர் திரும்பிய பிறகுதான் உண்மையான சோதனை. பயிற்சி நடந்த இடம் முழுவதும் கான்கிரீட் தளம். எங்கள் ஆலையோ படுகை மண்ணில் நிற்கிறது. கோடையில் அந்தக் களிமண் கல்லாக இறுகி, கைவிரல் நுழையும் அளவுக்கு வெடித்திருக்கும். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறந்தார்கள் என்றால், கல்லணை கடந்து வெண்ணாற்றில் வரும் நீர் நீடாமங்கலத்தின் மூணாற்றுத் தலைப்பில் பாமணியாற்றுக்குப் பிரிந்து எங்கள் வாய்க்காலை நிறைத்த சில நாள்களில், அதே மண் அடியில் இளகிவிடும். மேற்பரப்பு மட்டும் காய்ந்தே இருக்கும். வரவிருந்த இயந்திரத்தின் எடை 7 டன்னுக்குச் சற்றுக் குறைவு. கை ஒரு பக்கமாக முழுவதும் நீண்டிருக்கும்போது அந்த எடையின் பெரும்பகுதி ஒரே சக்கரத்தில் இறங்கலாம்.

எங்கள் காவலாளி மாமா அந்த ஆலை கட்டிய காலத்திலிருந்து இருப்பவர். அவரை அழைத்துக்கொண்டு, கடப்பாரையோடு களத்தைச் சுற்றி வந்தேன். ஓரிடத்தில் நின்று செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் தரையைத் தட்டினார். "தம்பி, ஊறல் தொட்டித் தண்ணி போற வாய்க்கா முன்னாடி இப்படித்தான் ஓடுச்சு. இடிசலைக் கொட்டி மூடிட்டாங்க" என்றார். பக்கத்தில் ஒரு சாணுக்கு மேல் இறங்காத கடப்பாரை, அங்கே ஒரே குத்தில் பாதி வரை போயிற்று. இழுத்தபோது நுனியில் கறுத்த சேறு ஒட்டியிருந்தது. மேலே பார்த்தால் சுற்றியுள்ள தரைக்கும் அதற்கும் எந்த வேறுபாடும் இல்லை. கழிவுநீர்த் தொட்டியின் மூடி, கேபிள் பதித்த பள்ளம், இந்த வாய்க்கால் என எல்லாவற்றையும் சுண்ணாம்புத் தூளால் கோடிட்டோம். கட்டாயம் கடக்க வேண்டிய ஓரிடத்தில் மட்டும் கனத்த இரும்புத் தகடுகளைப் பரப்பி, அதன்மேல் கையை முழுவதும் மடக்கியபடியே வண்டியை ஓட்டுவது என்று முடிவு செய்தோம்.

இயந்திரம் வந்தது. ஏறுவதற்கு முன் செய்யும் சோதனையில் டயர், ஹைட்ராலிக் ஹோஸ், கூடைக் கதவு, எமர்ஜென்சி ஸ்டாப் எல்லாம் சரியாகவே இருந்தன. கீழிருந்து கூடையை அவசரமாக இறக்கும் ஏற்பாடு மட்டும் வேலை செய்யவில்லை. எஞ்சின் நின்றுவிட்டால் மேலே இருப்பவரை இறக்க வேறு வழியே கிடையாது. அனுப்பிய நிறுவனத்தின் ஆள், "அதெல்லாம் யாரும் பாக்கறதில்ல சார், ஒரு வேலைதானே" என்றார். வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது என்று மேலாளரும் வருத்தப்பட்டார். நான் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏணியடியில் நின்ற அந்த நாளில் எனக்கு மறுத்துப் பேசத் தெரியவில்லை. இப்போது தெரிந்தும் பேசாமல் இருப்பது என்னால் ஆகாது. மாற்று இயந்திரம் வர 2 நாள் ஆயிற்று. அதில் முதல் வேலையாக, கீழே நிற்கும் என் உதவியாளர் தம்பியை, என்னை அரைப் பனை உயரத்தில் நிறுத்திவிட்டு, என் உதவி இல்லாமல் 3 முறை இறக்கிக் காட்டச் சொன்னேன். மூன்றாம் முறை அவர் கை தயங்கவில்லை.

ஆலையின் பின்புறம் 11 கிலோவோல்ட் மின்கம்பி போகிறது. இந்த இயந்திரம் மின்காப்பு உடையதல்ல. டயர் ரப்பர் என்பதால் ஒன்றும் ஆகாது என்று நம்புபவர்களை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் போனாலே மின்சாரம் தாவும். கீழே நின்று வண்டியைத் தொடுபவரும் தப்ப மாட்டார். அதனால் பின்புற வேலைக்கு மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, கம்பியில் மின்சாரத்தை நிறுத்தி லைன் கிளியர் கிடைத்த ஒரு முற்பகலில் மட்டுமே அங்கே கையை நீட்டினோம். மற்ற 4 நாள்களும் முன்புறக் கூரை.

மூன்றாம் நாள் பிற்பகல், தகட்டுப் பாதையின் ஓரத்தில் சரிவு எச்சரிக்கை மணி ஒலித்தது. கை மடங்கியிருந்ததால் கூடை ஆடவில்லை. இறங்கிப் பார்த்தபோது, இடப்பக்கச் சக்கரத்தின் கீழே தகடு நான்கு விரற்கடை அழுந்தி, அதன் விளிம்பில் நீர் கசிந்திருந்தது. முந்தைய இரவு வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதாக மாமா சொன்னார். அன்று வேலையை நிறுத்தி, தகடுகளை எடுத்து, கிழக்குப் பக்கமாகச் சுற்றிப் போகும் வழியை மறுநாள் காலையில் கடப்பாரையால் குத்திப் பார்த்த பிறகே தொடர்ந்தோம். சுண்ணாம்புக் கோடுகளை மழை அழித்துவிடும் என்பதால், அந்த இடங்களை அளந்து வரைந்த தாள் ஒன்று இப்போது மாமாவின் அறையில் தொங்குகிறது. அடுத்த முறை இயந்திரத்தைக் கோடையிலேயே, வாய்க்கால் காய்ந்திருக்கும்போது வரவழைப்பதாக முதலாளியும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.